ஹாம் ரேடியோவில் பேசியதற்கு யார் சாட்சி? அட்டையா, சர்வரா? – ஒரு நீண்ட த்ரெட்

1/ சுகர், பிரஷர், டெங்குன்னு எழுதுற ஆளு இன்னைக்கு ரேடியோ பத்தி எழுதப் போறேன். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ பரீட்சை எழுதி வாங்கின ஹாம் ரேடியோ லைசென்ஸ் எங்கிட்ட இருக்கு. நைட் டூட்டி இல்லாத ராத்திரிகள்ல அதுதான் எனக்குத் துணை.

ஹாம் வட்டத்துல ரொம்ப நாளா ஒரு சண்டை ஓடிட்டு இருக்கு. "காகித அட்டை கையில வந்தாத்தான் அத்தாட்சி" என்பது ஒரு கட்சி. "அதெல்லாம் தாத்தா காலம், கம்ப்யூட்டர்ல ஏத்தினா முடிஞ்சுது" என்பது இன்னொரு கட்சி.

என்னைக் கேட்டா, ரெண்டு கட்சியும் எந்த வழியில அனுப்புறதுன்னுதான் சண்டை போடுது. அனுப்ப வேண்டியது யாரோட கடமைன்னு பேசுறதே இல்லை. அதைப் பத்தித்தான் இந்த த்ரெட். ரேடியோ தெரியாதவங்களுக்கும் புரியும், பயப்படாம வாங்க.

2/ முதல்ல அடிப்படை. ஹாம் ரேடியோ என்பது அரசு லைசென்ஸ் வாங்கி, சொந்தமா ரேடியோ நிலையம் வெச்சு, உலகத்துல இருக்கிற மத்த ஹாம்களோடு பேசுறது. இந்தியாவில் மத்திய தொலைத்தொடர்புத் துறை பரீட்சை வெச்சு லைசென்ஸ் தருது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு அழைப்புக்குறி உண்டு. நம்ம ஊர்ல பெரும்பாலும் வி.யூ.2 அல்லது வி.யூ.3ன்னு ஆரம்பிக்கும். உலகத்துல அந்தக் குறி ஒருத்தருக்குத்தான்.

நடுவுல சிம் கார்டு இல்லை, டவர் இல்லை, இன்டர்நெட் இல்லை. நம்ம வீட்டு மொட்டைமாடியில கட்டின கம்பியில இருந்து கிளம்புற அலை, வளிமண்டலத்தோட மேல்பகுதியில இருக்கிற அயனி மண்டலத்துல பட்டுத் திரும்பி, பிரேசில்லயோ ஜப்பான்லயோ இறங்கும். இதை வெச்சு வியாபாரம் பண்ணக் கூடாது. வெறும் ஆர்வம், கத்துக்கிறது, அவசர காலத்துல உதவுறது. அவ்வளவுதான்.

3/ இப்போ ஒரு கேள்வி. நேத்து ராத்திரி நான் பிரேசில்காரரோடு பேசினேன்னு சொல்றேன். நீங்க எப்படி நம்புவீங்க?

போன்னா கால் ரெக்கார்டு இருக்கும். ரேடியோ அலைக்கு பில் கிடையாது. நடுவுல எந்தக் கம்பெனியும் இல்லாததால சாட்சியும் இல்லை. என் நோட்டுல நான் எழுதி வெச்சது என் பக்கத்துக் கதை. அந்தப் பிரேசில்காரர் தன் நோட்டைப் பார்த்து "ஆமா, இந்தத் தேதியில, இந்த நேரத்துல, இந்த அலைவரிசையில இவரோடு பேசினேன்" என்று சொன்னாத்தான் அது முழுமை அடையும்.

ஹாம் பாஷையில ஒரு தொடர்புக்குப் பேர் க்யூஎஸ்ஓ. அதை உறுதி செய்யுறதுக்குப் பேர் க்யூஎஸ்எல்.

4/ டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் இது புது விஷயம் இல்லை. கார்டியாக் அரெஸ்ட் நடக்கும்போது டாக்டர் "அட்ரினலின் ஒரு மில்லிகிராம்" என்பார். சிஸ்டர் "அட்ரினலின் ஒரு மில்லிகிராம்" என்று திருப்பிச் சொல்வார். ஊசி போட்டதும் "போட்டாச்சு டாக்டர்" என்று மறுபடி சொல்வார். சொன்னது போய்ச் சேர்ந்ததா என்பதை, சொன்னவர் முடிவு பண்ண முடியாது. கேட்டவர்தான் சொல்லணும்.

க்யூஎஸ்எல் என்ற மூன்று எழுத்துக்கு அர்த்தமே இதுதான். கப்பல்களும் கரை நிலையங்களும் தந்தி அனுப்பின காலத்துல, நீளமா எழுதாம இருக்க மூன்றெழுத்துச் சுருக்கங்கள் வெச்சிருந்தாங்க. 1912-இல் லண்டனில் நடந்த சர்வதேச மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. க்யூஎஸ்எல் என்றால் "பெற்றுக்கொண்டேன் என்று உறுதி செய்கிறேன்".

5/ அப்புறம் இந்த வார்த்தை அட்டைக்குப் பேரா மாறிடுச்சு. 1916-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ஹாம் ஒருத்தர் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போட்ட அட்டைதான் முதல் க்யூஎஸ்எல் அட்டைன்னு சொல்வாங்க. நூறு வருஷத்துக்கு மேல ஓடிட்டு இருக்கிற பழக்கம் இது.

அட்டை நம்ம போஸ்ட்கார்டு சைஸ்தான். ஒரு பக்கம் ஊரோட படம், பெருசா அழைப்புக்குறி. இன்னொரு பக்கம் யாரோடு பேசினோம், தேதி, நேரம், அலைவரிசை, பேச்சா மோர்ஸா டிஜிட்டலா, சத்தம் எவ்வளவு தெளிவாக் கேட்டுச்சு என்ற விவரம். கீழே கையெழுத்து.

6/ இதை வெச்சு என்ன பண்ணுவாங்க? சிலருக்கு ஆல்பம். பலருக்கு விருது.

பெரிய விருது டிஎக்ஸ்சிசி. அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல் 1937-இல் ஆரம்பித்தது. குறைந்தது 100 நாடுகளோடு பேசி, ஒவ்வொன்றுக்கும் உறுதிச் சான்று காட்டணும். இவங்க கணக்குல "நாடு" என்பது நிலப்பகுதி மாதிரி. மொத்தப் பட்டியல் 340. இந்தியா ஒண்ணு, அந்தமான் நிக்கோபார் தனியா ஒண்ணு, லட்சத்தீவு தனியா ஒண்ணு.

அட்டையைச் சரிபார்க்கவும் விதி இருக்கு. அடிச்சுத் திருத்தியிருந்தா செல்லாது. நேரத்தை மாத்தி மேலே எழுதியிருந்தா செல்லாது. எங்க காயச் சான்றிதழ்ல ஓவர்ரைட்டிங் இருந்தா கோர்ட்டுல வக்கீல் என்ன பாடு படுத்துவார்னு தெரிஞ்ச டாக்டர்களுக்கு இந்த விதி உடனே புரியும்.

7/ அட்டை எப்படிப் போகும்? மூணு வழி.

ஒண்ணு, நேரா தபால்ல. கூடவே சுயவிலாசம் எழுதின கவரும், பதில் தபால் செலவுக்கு ரெண்டு மூணு டாலரும் வெச்சு அனுப்புவாங்க. டாலர் நோட்டுக்கு ஹாம்கள் வெச்ச செல்லப் பேர் "பச்சை ஸ்டாம்பு".

ரெண்டு, பீரோ. அந்தந்த நாட்டுச் சங்கம் எல்லாரோட அட்டையையும் சேர்த்து மூட்டையா அனுப்பும். அங்கே பிரிச்சுக் கொடுப்பாங்க. செலவு கம்மி. ஆனா ஒரு வருஷமும் ஆகலாம், ரெண்டு வருஷமும் ஆகலாம்.

மூணு, மேனேஜர். எட்டாத தீவுல இருக்கிறவங்களுக்குப் பதிலா, தபால் வசதி உள்ள ஊர்ல ஒருத்தர் உட்கார்ந்து அட்டை எழுதி அனுப்புவார். பெரும்பாலும் சம்பளம் இல்லாத வேலை.

8/ அட்டைக்காரங்க கட்சிக்கு நியாயம் உண்டா? உண்டு.

ஜோர்டான் மன்னர் ஹுசைன் ஒரு ஹாம். அவரோட அழைப்புக்குறி ஜே.ஒய்.1. அரண்மனையில் இருந்து பேசின அவரோட அட்டையை, 1999-இல் அவர் இறந்த பிறகும் பத்திரமா வெச்சிருக்கிற ஹாம்கள் உலகம் முழுக்க இருக்காங்க. நம்ம ராஜீவ் காந்தியும் ஹாம்தான். அவரோட குறி வி.யூ.2 ஆர்.ஜி.

இன்னொரு கதை நமக்கு ரொம்ப நெருக்கம். அந்தமானில் இருந்து ஹாம் ரேடியோ இயக்கப் பல வருஷமா அனுமதி இல்லாம இருந்துச்சு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில ஒரு குழு அனுமதியோடு போர்ட் பிளேர் போய், வி.யூ.4 ஆர்.பி.ஐ. என்ற குறியில உலகத்தோடு பேச ஆரம்பிச்சது. அரிய இடம் என்பதால் உலகமே வரிசையில நின்னுச்சு. டிசம்பர் 26 காலையில் நிலநடுக்கம், சுனாமி. தொடர்புகள் அறுந்து போன தீவில், விளையாட்டுக்காகக் கொண்டு போன அதே ரேடியோக்கள் நிவாரணத் தகவல் அனுப்பப் பயன்பட்டன.

அந்த டிசம்பர் மாசத்துத் தேதி போட்ட ஒரு வி.யூ.4 அட்டை யார் வீட்டுல இருந்தாலும் அது வெறும் விருதுச் சான்று மட்டும் இல்லை. கம்ப்யூட்டர்ல வர்ற ஒரு டிக் மார்க் இதைத் தராது. ஒத்துக்கிறேன்.

9/ ஆனா காகிதத்தோட கஷ்டத்தையும் பேசணும்.

கார்டு அடிக்கக் காசு. வெளிநாட்டுத் தபால் செலவு வருஷா வருஷம் ஏறுது. டாலர் நோட்டு வெச்ச கவர் வழியில காணாமப் போறது ஹாம்களுக்குப் பழகிப்போன வருத்தம். ஓய்வூதியத்துல வாழுற பெரியவர், காலேஜ் படிக்கிற பையன், மாசம் அம்பது அட்டை எப்படி அனுப்புவாங்க?

எண்ணிக்கையும் மாறிடுச்சு. 2017-இல் எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறை வந்தது. செய்தவர்களில் ஒருத்தர் ஜோசப் டெய்லர். 1993-இல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கினவர். 15 நொடிக்கு ஒரு முறை மாறி மாறிச் செய்தி போகும். காதுக்கே கேட்காத சிக்னலைக்கூட கம்ப்யூட்டர் பிரிச்சு எடுக்கும். ஒன்றரை நிமிஷத்துல ஒரு தொடர்பு முடிஞ்சிடும். ஒரே ராத்திரியில அறுபது எழுபது பேர். அத்தனை பேருக்கும் கையால அட்டை எழுத முடியுமா?

10/ இங்கேதான் மின்னணு முறை வருது. முக்கியமானது ஏஆர்ஆர்எல் 2003-இல் தொடங்கின "லாக்புக் ஆஃப் தி வேர்ல்டு". இது வேலை செய்யுற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நீங்க பேசின பட்டியலை உங்க கம்ப்யூட்டர்லயே டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். மறுமுனையில இருக்கிறவரும் தன் பட்டியலை அப்படியே அனுப்புவார். நீங்க என்ன ஏத்தினீங்கன்னு அவருக்குக் காட்டாது. அவர் ஏத்தினது உங்களுக்குக் காட்டாது. ரெண்டு பேரோட அழைப்புக்குறி, அலைவரிசை, முறை எல்லாம் பொருந்தி, நேரமும் 30 நிமிஷ வித்தியாசத்துக்குள்ள இருந்தா மட்டும் "உறுதி" என்று வரும்.

ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி வார்டுல ரெண்டு பேர் தனித்தனியாப் பையையும் நோயாளியையும் சரிபார்ப்போம் இல்லையா? ஒருத்தர் படிக்க, இன்னொருத்தர் தலையாட்டினா அது சரிபார்ப்பு ஆகாது. ரெண்டு பேரும் தனியாப் பார்க்கணும். அதே தத்துவம்.

11/ யார் வேணா யார் பேர்லயும் ஏத்திட முடியாதா? முடியாது. அடையாளத்தை நிரூபிச்சாத்தான் டிஜிட்டல் சான்று தருவாங்க. நம்மைப் போன்ற வெளிநாட்டவர் ஹாம் லைசென்ஸ் நகலும், இன்னொரு அரசு ஆவணத்தின் நகலும் அனுப்பணும். அமெரிக்கர்களுக்கு? அவங்க லைசென்ஸ்ல இருக்கிற விலாசத்துக்கு ரகசிய எண்ணோட ஒரு போஸ்ட்கார்டு வரும். அட்டையை ஒழிக்க வந்ததா சிலர் திட்டுற முறையோட முதல் படியே ஒரு அட்டைதான்!

இ-க்யூஎஸ்எல் என்று இன்னொரு சேவை 2000-இல் இருந்து இருக்கு. அழகான பட அட்டை திரையில வரும், பிரிண்ட் எடுத்துக்கலாம். ஆனா அங்கே மறுமுனை அனுப்பின அட்டையை நீங்க முதல்லயே பார்க்க முடியும். அதனால டிஎக்ஸ்சிசிக்கு அது செல்லாது. வேறு சில விருதுகளுக்குச் செல்லும். வாழ்த்து அட்டையா அது நல்லாவே இருக்கு.

12/ ஆக, "எது வலுவான சாட்சி?" என்று கேட்டா என் பதில் தெளிவு. லாக்புக் ஆஃப் தி வேர்ல்டுதான். காகித அட்டையை எழுதுறவர், நீங்க அனுப்பின அட்டையைப் பார்த்துக்கிட்டே எழுத முடியும். நல்ல ஹாம் தன் நோட்டைத் திறந்து பார்ப்பார். பார்க்காம "சரி, பேசியிருப்போம்" என்று எழுதிக் கொடுத்தாலும் அட்டையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அதே நேரம், எல்லாத்தையும் ஒரே சர்வர்ல வெச்சுட்டு நிம்மதியாத் தூங்கவும் கூடாது. 2024 மே மாசம் ஏஆர்ஆர்எல் மேல சைபர் தாக்குதல் நடந்தது. லாக்புக் சேவை ஜூலை வரைக்கும் மூடியே கிடந்தது. பதிவுகள் பத்திரமா இருந்தன. ஆனா சங்கம் தன் கணினிகளை மீட்க பத்து லட்சம் டாலர் பணயத்தொகை கொடுக்க வேண்டியதாச்சு. அந்த வாரங்கள்ல உலகம் பூரா ஹாம்கள் கையைப் பிசைஞ்சுட்டு இருந்தாங்க. ஆஸ்பத்திரியில சர்வர் டவுன் ஆன அன்னைக்கு ஓ.பி. சீட்டு நோட்டு எங்கேன்னு தேடின எல்லாருக்கும் அந்த வலி தெரியும்.

13/ இப்போ நான் சொல்ல வந்த விஷயம்.

உங்க லாக்ல இருக்கிற ஒவ்வொரு வரியும் பாதி உங்களுக்குச் சொந்தம். மீதிப் பாதி மறுமுனையில இருந்தவருக்குச் சொந்தம். அவர் பாதியை அவர்கிட்ட சேர்க்க வேண்டியது உங்க கடமை. அட்டையில சேர்த்தாலும் சரி, கம்ப்யூட்டர்ல சேர்த்தாலும் சரி.

"எனக்கு விருதெல்லாம் வேணாம் டாக்டர், அதனால நான் எதுவும் அனுப்புறதில்லை" என்று பெருமையாச் சொல்ற நண்பர்கள் இருக்காங்க. அண்ணே, விருது உங்களுக்கு வேணாம். அவருக்கு வேணுமே? சிலி நாட்டுல ஒரு பையன், பால்கனியில ஒரு கம்பியைக் கட்டி, முப்பது வாட் சக்தியில இந்தியாவை முதல் தடவையாப் பிடிக்கிறான். அவனுக்குக் கிடைச்ச ஒரே இந்தியா நீங்க. நீங்க உறுதி செய்யலைன்னா அவன் கணக்குல இந்தியாவே இல்லை.

எனக்கு ரசீது வேணாம், அதனால நானும் யாருக்கும் ரசீது தரமாட்டேன்னு ஒரு கடைக்காரர் சொன்னா ஒத்துக்குவோமா?

14/ "இது பொழுதுபோக்கு தானே, இதுல கடமை என்ன?" – நியாயமான கேள்வி. யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. சட்டமும் இல்லை. ஆனா தெருவுல கிரிக்கெட் ஆடுறதும் பொழுதுபோக்குதான். பேட்டிங் முடிஞ்சதும் பவுலிங் போடாம வீட்டுக்குப் போறவனை அடுத்த நாள் யாரும் சேர்த்துக்க மாட்டாங்க. அவர் உங்க குரலுக்குப் பதில் சொன்னதாலதான் உங்களுக்கு அந்த ராத்திரி சந்தோஷம் கிடைச்சது. ஒரு தொடர்பின் கடைசி மரியாதை க்யூஎஸ்எல் என்று ஹாம்கள் காலம் காலமாச் சொல்றது சும்மா இல்லை.

15/ அடுத்தது காசு. கொஞ்சம் கசப்பான விஷயம்.

யாரும் வாழாத தீவுகளுக்கு ஹாம் குழுக்கள் பயணம் போகும். கப்பல், ஜெனரேட்டர், டீசல், எல்லாம் பெரிய செலவு. அதுக்கு நன்கொடை கேட்கிறது நூறு சதவீதம் நியாயம். காகித அட்டைக்குத் தபால் செலவு கேட்கிறதும் நியாயம். தபால்காரர் ஓசியில கொண்டு போகமாட்டார்.

ஆனா சில குழுக்கள் மின்னணு உறுதியையும் பிடிச்சு வெச்சுக்குது. காசு கொடுத்தவங்களுக்கு இந்த வாரம், கொடுக்காதவங்களுக்கு ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழிச்சு. ஏத்துறதுக்குக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஒரே பட்டன்தான். அப்போ அந்தத் தாமதம் எதுக்கு?

செலவுக்குக் கேட்கிறது வேற. கொடுக்க வேண்டியதை நிறுத்தி வெச்சுக் கேட்கிறது வேற. பணம் உள்ள நாட்டு ஹாம்கள் இதைப் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. மாசச் சம்பளத்துல ரேடியோ வாங்கினவனுக்குத்தான் வலிக்கும். பயணத்துக்கு முன்னாடி தாராளமா நன்கொடை கேளுங்க. பேசி முடிச்ச பிறகு சாட்சியைப் பணயம் வைக்காதீங்க.

16/ அப்போ அட்டையைத் தூக்கிப் போட்டுடலாமா? கூடாது. அட்டைக்கு மட்டுமே பொருந்துற சில இடங்கள் இருக்கு.

உங்களோடு முதல் தொடர்பு போடுற புது ஹாமுக்கு அட்டை அனுப்புங்க. லைசென்ஸ் இல்லாம வெறுமனே கேட்டு, "உங்க குரல் இங்கே கேட்டது" என்று எழுதி அனுப்புற நேயருக்கு அட்டை அனுப்புங்க. ஸ்கூல்ல ரேடியோ செஞ்சு காட்டினா, அந்தப் பிள்ளைங்க பேருக்கு அட்டை அனுப்புங்க. பத்து வயசுப் பொண்ணுக்கு வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டின ஒரு அட்டை வீட்டுக்கு வந்தா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. அவளை எந்த சர்வரும் ஹாம் ஆக்காது.

நம்ம குழந்தைகளுக்குத் தடுப்பூசி விவரம் கம்ப்யூட்டர்லயும் ஏறுது, அம்மா கையில அட்டையும் இருக்கு. ரெண்டும் வெவ்வேற வேலை பார்க்குது. ஒண்ணு இருக்குன்னு இன்னொண்ணைக் கிழிச்சுப் போடுறோமா?

17/ இன்னொரு வேண்டுகோள், ஹாம்களோட குடும்பத்தினருக்கு.

வீட்டுப் பெரியவர் போயிட்டார். பரண்ல நாலு பெட்டி அட்டை, பழைய நோட்டுகள். தயவுசெய்து எடைக்குப் போடாதீங்க. இப்போ இல்லாத நாடுகளோட அட்டை அதுல இருக்கலாம். சோவியத் யூனியன், கிழக்கு ஜெர்மனி, யூகோஸ்லாவியா. ஆஸ்திரியாவின் வியன்னாவில் இப்படிப்பட்ட அட்டைகளை லட்சக்கணக்கில் சேர்த்துப் பாதுகாக்கிற ஒரு ஆவணக் காப்பகமே இருக்கு. அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்க ஊர் ஹாம் கிளப்புக்கு ஒரு போன் போடுங்க. அவர் வாழ்நாள் முழுக்க யார் யாரோடு பேசினார்னு அந்தப் பெட்டி சொல்லும்.

18/ ஹாம் நண்பர்களுக்குச் சுருக்கமா ஒரு மருந்துச் சீட்டு:

• விருது வேணுமோ வேணாமோ, பேசினதை எல்லாம் மாசம் ஒரு தடவையாவது லாக்புக் ஆஃப் தி வேர்ல்டுல ஏத்துங்க. ஏத்துறது இலவசம்.

• நேரத்தை உலகப் பொது நேரத்துல எழுதுங்க. நம்ம நேரத்துல அஞ்சரை மணி கழிக்கணும். அஞ்சாம் தேதி ராத்திரி 2 மணிக்குப் பேசினா, அது நாலாம் தேதி 20:30. பொருந்தாமப் போற பதிவுகள்ல நிறைய இந்தத் தேதிக் குழப்பம்தான்.

• டிஜிட்டல் சான்று மூணு வருஷம்தான் செல்லும். காலாவதி ஆகுறதுக்குள்ள புதுப்பிங்க. அந்தச் சான்றையும் உங்க முழு லாக்கையும் ஒரு பென் டிரைவ்ல தனியா வெச்சிருங்க. வருஷத்துக்கு ஒரு தடவை பிரிண்ட் எடுத்தா இன்னும் நல்லது.

• அட்டை கேட்டு, பதில் செலவும் வெச்சு ஒருத்தர் எழுதினா பதில் போடுங்க. அந்தக் காசு உங்களுது இல்லை.

• வசதி இல்லாதவங்க அட்டை அனுப்பலையேன்னு குறை சொல்லாதீங்க. அவங்க மின்னணுவுல உறுதி செஞ்சிருந்தா கடமை முடிஞ்சுது.

19/ ஹாம் இல்லாதவங்க இவ்வளவு தூரம் படிச்சு வந்திருந்தா, உங்களுக்கும் இதுல ஒரு விஷயம் இருக்கு. டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை ரிசல்ட், கொடுத்த கடனுக்கு வாங்கின தொகைன்னு எதை எடுத்தாலும், ஒரு பக்கம் மட்டும் எழுதி வெச்ச கணக்கு பாதிக் கணக்குதான். உங்க கையில இருக்கிற ஆவணம் இன்னொருத்தருக்கு ஆதாரமா இருந்தா, அவர் கேட்கும் வரைக்கும் காத்திருக்காதீங்க.

ஹாம் நண்பர்களே, இன்னைக்கு ராத்திரி ரேடியோவை ஆன் பண்றதுக்கு முன்னாடி போன மாசத்து லாக்கை ஏத்திட்டீங்களான்னு மட்டும் பாருங்க. அட்டையா சர்வரான்னு அப்புறம் உட்கார்ந்து பேசிக்கலாம்.

ஹாம் பாஷையில, எல்லாருக்கும் 73. அதாவது, அன்பான வாழ்த்துகள்.

– உங்கள் அரசு மருத்துவர்